சோலையப்பனாருக்கு ஒரு முகம்

கீரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பூமூட்டையை மூக்காயி வர்த்தகர் சங்கக் கட்டடத்துப் படியில் கவிழ்த்தாள். ரோஜாவும் சம்பங்கியும் மரிக்கொழுந்தும் ஈரத்தோடு சரிந்து விழுந்தன. அறந்தாங்கிச் சந்தைக்குள் காய்கறி லாரிகள் இன்னும் வந்து சேரவில்லை. டீக்கடையில் மட்டும் பாய்லர் புகைந்துகொண்டிருந்தது. ஊறப்போட்டிருந்த வாழைநாரை எடுத்து உதறி, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு மாலையைத் தொடங்கினாள்.

முந்தின நாள் இந்த மாலைக்குச் சொல்ல வர்த்தகர் சங்கத் தலைவர் ரெங்கராஜே நேரில் வந்திருந்தார். யார் மாலை கேட்டு வந்தாலும் மூக்காயி முதலில் ஒரு கேள்வி கேட்பாள், "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" கல்யாண வீட்டுக்குக் கட்டுவதை எழவு வீட்டுக்குக் கொடுக்க முடியாது. கேட்காமல் கட்டிக்கொடுத்து அடி வாங்கிய பூக்காரிகள் உண்டு. பழக்கதோசத்தில் தலைவரிடமும் கேட்டுவிட்டாள்.

"செலைக்கும்மா. நாளைக்கித் தெறப்பு விழா."

"செலைன்னா அது எதுல சேத்தி மொதலாளி?"

ரெங்கராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லதுன்னே வச்சுக்க. நூறு வருசத்துக்கு முந்திப் போய்ச் சேந்தவரு. அவருக்கு இனிமே என்னம்மா கெட்டது வரப்போகுது?"

சிலை சோலையப்பனாருக்கு. தன் புளியந்தோப்பைச் சந்தை நடத்த எழுதிக்கொடுத்த மனிதர். இந்தச் சங்கக் கட்டடமும் அவர் தோப்பில்தான் நிற்கிறது. கட்டடத்துக்கு இப்போது புதுச் சுண்ணாம்பும் புதுக் கண்ணாடியும் வந்து, வாசலுக்கு மேலே ஒரு மாடம் வைத்து, அதில் அவருடைய மார்பளவுச் சிலையை ஏற்றித் துணி போட்டு மூடியிருந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் கறுப்புக் கிரானைட்டில் கல்வெட்டு. அதில் சங்கத்து ஆட்கள் எல்லார் பேரும் இருந்தது.

அதே வாசலுக்கு இடப்பக்கம், மேலே சன்ஷேடு இறங்குகிற இடத்தில்தான் மூக்காயியின் கடை. கடை என்றால் ஒரு பலகை, ஒரு ஈரச்சாக்கு, ஒரு வாளித் தண்ணீர். கல்யாணம் ஆகி வந்த புதிதிலிருந்து அந்தப் படிதான். வாடகை கிடையாது, எழுத்தும் கிடையாது. சங்கத்துக்காரர்கள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டதுதான். அந்த நிழல் போனால் மல்லிகை பத்து மணிக்குள் வெந்துபோகும். பஸ் ஸ்டாண்டு பரிமளா வெயிலில் குடையைக் கட்டிக்கொண்டு படுகிற பாட்டை மூக்காயி தினமும் பார்க்கிறாள்.

அவள் பாதி மாலை கட்டியிருந்தபோது புருசன் மலையாண்டி வந்தான். சந்தையில் லோடுமேன். அந்த நேரத்துக்குக் காக்கி டவுசரும் தலைத்துண்டுமாக லாரிக்குப் பின்னால் நிற்க வேண்டியவன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான். மீசையை வேறு முறுக்கிவிட்டிருந்தான்.

"இன்னிக்கி லோடு இல்லையா?"

"இருக்கு. விழா முடிஞ்சு போறேன்."

"ஒங்கள யாரு விழாவுக்குக் கூப்பிட்டா? கலெக்டரு ஒங்கள மேடைக்கு வரச் சொன்னாராக்கும்."

"நீ மாலையக் கட்டு புள்ள. நல்லா அடர்த்தியாக் கட்டு" என்று சொல்லிவிட்டு அவன் துணி மூடிய மாடத்தை அண்ணாந்து பார்த்தான். அவன் வாய்க்குள் சிரிப்பை அடக்குவதை அவள் பார்த்தாள். டீக்கடையில் எவனோ வடை வாங்கிக் கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

விழா பத்தரைக்குத்தான் தொடங்கியது. மைக்கில் நான்கு பேர் பேசினார்கள். வந்திருந்த அதிகாரி கயிற்றை இழுத்ததும் துணி வழுக்கிக்கொண்டு விழுந்தது. கூட்டம் கைதட்டியது. இரண்டு பெண்கள் குலவை போட்டார்கள். வெண்கல நிறம் பூசிய சிலையை மூக்காயியும் எல்லாரையும் போலத்தான் அண்ணாந்து பார்த்தாள்.

மேலேயிருந்து மலையாண்டி பார்த்துக்கொண்டிருந்தான்.

தலையில் பெரிய உருமால், காதில் கடுக்கன், கழுத்தில் அங்கவஸ்திரம். அதெல்லாம் யாருடையதோ. ஆனால் அந்த நெற்றியும், லேசாக இடப்பக்கம் சாய்ந்த மூக்கும், மேலுதட்டை மூடிக் கன்னத்தில் ஏறும் மீசையும் அவளோடு இருபத்துச் சொச்சம் வருசம் ஒரே கூரையில் இருந்தவை. வாட்ச்மேன் ஏணியில் ஏறி அவள் கட்டிய மாலையை அந்தக் கழுத்தில் போட்டான். கீழே குத்துவிளக்கை ஏற்றினார்கள். யாரோ ஊதுபத்தி கொளுத்தி நீட்டினார்கள். மூக்காயி கையிலிருந்த மல்லிகைச் சரம் நழுவி விழுந்ததுகூடத் தெரியாமல் கூட்டத்துக்குள் புருசனைத் தேடினாள்.

அவன் லோடுமேன்களோடு நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன காரியம் பண்ணிட்டு வந்து நிக்கிறீங்க?"

"நல்லாருக்குல்ல? ஒனக்குத் தெரியாம வச்சுக்கணும்னு நான் பட்ட பாடு இருக்கே."

"உசுரோட இருக்குற ஆளுக்கு மாலையப் போட்டு வெளக்கும் ஏத்திட்டாங்க. அதுவும் நான் கட்டுன மாலை."

"அது நான் இல்ல புள்ள. சோலையப்பனாரு."

"பேரு சோலையப்பனாரு. மூஞ்சி?"

மலையாண்டியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

நடந்தது இதுதான். சோலையப்பனாருக்குப் போட்டோ கிடையாது. பார்த்தவர்களும் உயிரோடு இல்லை. சிலை செய்கிற பிராங்க்ளின் புதுக்கோட்டை ரோட்டில் பட்டறை வைத்திருப்பவர். அவர் "ஒரு மொகம் குடுங்க சார், மொகம் இல்லாம நான் எதப் பாத்துச் செய்யுறது" என்று ரெங்கராஜின் அரிசி மண்டிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். ரெங்கராஜ் தன் தாத்தா போட்டோவைக் கொண்டுவந்தார். தாத்தா சோலையப்பனாருக்குப் பேரன் முறை. செயலாளர் கோபிநாத் விடுவாரா, தன் ஐயா போட்டோவைக் கொண்டுவந்து, எங்க ஐயாதான் மகள் வழியில் நேர் வாரிசு என்றார். உன் தாத்தா மூஞ்சியைச் சந்தை வாசலில் வைத்தால் நாளைக்குச் சந்தையே உன் குடும்பத்துது என்பாய் என்று பேச்சு முற்றி, நாற்காலி சாய்கிற அளவுக்குப் போய்விட்டது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். பிராங்க்ளினுக்கு அந்தக் கொண்டாட்டமும் இல்லை, வேலை நின்றதுதான் மிச்சம்.

அப்போது மூட்டை இறக்கிவிட்டு, தலைத்துண்டை உருமாலாகச் சுற்றிக்கொண்டு மலையாண்டி தண்ணீர் குடிக்க நின்றான். பிராங்க்ளின் அவனையே பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஒரு மொகம்னா பழைய காலத்து ஆளு மாதிரி நல்லா அமையும்" என்றார். ரெங்கராஜ் கோபிநாத்தைப் பார்த்தார். கோபிநாத் ரெங்கராஜைப் பார்த்தார். "இவன் மூஞ்சின்னா யாருக்கும் பிரச்சனை இல்ல" என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த மண்டியில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் அது.

ஒரு வாரம் மலையாண்டி பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்தான். நாள் கூலி கொடுத்தார்கள், மதியம் பிரியாணி வாங்கித் தந்தார்கள். பாரம் தூக்காமல் கூலி வாங்கியது அவன் பிழைப்பில் அந்த ஒரு வாரந்தான்.

"வேலில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீங்க" என்று மூக்காயி திறப்பு விழா அன்று சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜவுளிக்கடை வேலை முடிந்து வந்த மகள் கார்த்திகா போனை நீட்டினாள். சிலையைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள்.

"அப்பா மாதிரியே இருக்கும்மா. எங்க கடைப் புள்ளைகள்லாம் சூப்பர்ங்குதுக."

"அத மொத அழி. மாலையோட இருக்குற படம்."

"செலைம்மா அது."

"ஒனக்குக் கல்யாணம் ஆகிப் புருசன்னு ஒருத்தன் வரட்டும், அப்ப வந்து சொல்லு" என்றாள் மூக்காயி. கார்த்திகா படத்தை அழிக்கவில்லை, அம்மாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மூக்காயி மண்டிக்குப் போனாள். சிலைக்கு மாலை வேண்டாம் என்று சொல்லத்தான் போனாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ரெங்கராஜே தொடங்கினார்.

"நானே வரச் சொல்லணும்னு இருந்தேன். தெனமும் மாலை போடணும்னு முடிவு பண்ணியிருக்கோம். அந்த வாடிக்கை ஒனக்குத்தான். வாசல்ல இருக்குற, வேற யாருக்குக் குடுக்கப் போறோம்?"

வேறு சமயமாயிருந்தால் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதான். தினமும் ஒரு மாலை என்பது பூக்காரிக்குச் சாதாரண வாடிக்கை இல்லை. மழையோ பண்டிகை இல்லாத மாசமோ, அன்றைய அரிசிக்கு வழி உண்டு. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"மொதலாளி, அது எங்க வீட்டுக்காரரு மூஞ்சி. உசுரோட இருக்காரு. மாலை போட வேணாமே. வெறுஞ்செலையா இருக்கட்டுமே."

"மாலை இல்லாத செலையில காக்காதான் ஒக்காரும்."

"அப்ப மூஞ்சியவாவது கொஞ்சம் மாத்தச் சொல்லுங்க. மீசைய மட்டும்…"

ரெங்கராஜ் கோபப்படவில்லை. அவர் கோபக்காரரும் இல்லை. "இந்தா பாரு மூக்காயி. அது யாரு மூஞ்சின்னு ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. நீ சொன்னாத்தான் தெரியும். சும்மா கெடக்குற சங்க நீயே ஊதாத. ஒனக்கு முடியலன்னா சொல்லிரு, பஸ் ஸ்டாண்டு பரிமளா இடம் கேட்டுக்கிட்டேதான் இருக்கா."

இடம் என்ற சொல்லை அவர் அழுத்திச் சொல்லவில்லை. மூக்காயிக்கு அது மட்டுந்தான் காதில் விழுந்தது. திரும்பி வந்து அன்றைய மாலையைக் கட்டினாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. மாலையைக் கட்டும்போது சிலைக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். வாட்ச்மேனிடம் கொடுத்ததும் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவன் ஏணியை மடக்கிச் சாத்தும் சத்தம் கேட்டபிறகுதான் இந்தப் பக்கம் திரும்புவாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய்த் தாலிக்குக் குங்குமம் வைத்து வந்தாள். லோடுமேன்கள் மலையாண்டியை "சோலையப்பனாரே, இந்த மூட்டையக் கொஞ்சம் தூக்குங்க" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவனும் உருமாலைச் சரிசெய்துகொண்டு, "அடேய், தோப்பையே குடுத்தவன்டா நானு, மூட்டை என்னடா மூட்டை" என்பான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் லாரிக்கும் மண்டிக்கும் நடுவில் போட்டிருந்த பலகை வழுக்கிவிட்டது. மலையாண்டி முதுகில் மூட்டையோடு பக்கவாட்டில் விழுந்தான். மூட்டை தோளின் மேல் விழுந்தது. மூக்காயி ஓடிப் போனபோது அவனை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் முழுக்கச் சேறு. கண் மூடியிருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். யாரோ தூக்கித்தான் அவளையும் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் தோள் எலும்பு உடைந்திருப்பதாகச் சொன்னார்கள். கட்டுப் போட்ட டாக்டர், எலும்பு கூடிவிடும், ஆனால் இனி அந்தத் தோளில் பாரம் ஏற்றக்கூடாது என்றார். "பாரம்னா எவ்வளவுங்க?" என்று மலையாண்டி கேட்டான். டாக்டர் ஒரு குடம் தண்ணீர்கூடக் கூடாது என்றார்.

லோடுமேன்கள் தங்களுக்குள் பிரித்துக் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரெங்கராஜ் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். சங்கத்தில் உதவி நிதி உறுப்பினர்களுக்கு மட்டுந்தான், லோடுமேன் உறுப்பினர் கிடையாது, விதி அப்படி என்று வருத்தமாகத்தான் சொன்னார். போகும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "சீக்கிரம் எந்திரிச்சு வா மலையாண்டி" என்றார்.

மூக்காயி ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே கிடந்தாள். பூ எடுக்கப் போகவில்லை. சிலையில் பழைய மாலை காய்ந்து தொங்குவதாக வாட்ச்மேன் போன் பண்ணினான். அவள் போனை அணைத்துவிட்டாள்.

"பலகை வழுக்குனதால விழுந்தாரும்மா அப்பா" என்றாள் கார்த்திகா. "மாலையால இல்ல."

"பலகை எந்தக் காலத்துலயிருந்து கெடக்கு. மாலைதான் புதுசு."

கார்த்திகாவின் சம்பளத்தில்தான் இப்போது அடுப்பு எரிந்தது. அம்மாவுக்கு வாங்கிவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்று மதியம் பரிமளா வந்தாள். வெயிலில் நின்று நின்று முகம் கருத்தவள். மலையாண்டிக்கு இளநீர் வாங்கிவந்திருந்தாள். வராண்டாத் தூணோரமாக மூக்காயியின் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சங்கத்துல என்னையக் கட்டச் சொல்றாங்க. நாளைக்கிக் காலையில வந்து படியில ஒக்காரச் சொல்லிட்டாங்க. ஒங்க வயித்துல நான் அடிக்க மாட்டேன்க்கா. முடியாதுன்னுதான் சொல்லியிருக்கேன். ஆனா நான் போகலன்னா வேற ஒருத்தி போவா. அத நீங்க யோசிச்சுக்கங்க."

"ஒனக்கும்தான நெழலு வேணும்" என்றாள் மூக்காயி.

"வேணுந்தான். இப்படி வேணாம்."

பரிமளா போனபிறகு மூக்காயி வெகுநேரம் அழுதாள். ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து அவள் அழுதது அப்போதுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு புதுக்கோட்டை பஸ் ஏறினாள்.

பட்டறையில் பிராங்க்ளின் ஒரு களிமண் தலைக்கு மூக்குக்கண்ணாடிச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தார். சுவரோரம் தலைவர்கள் வரிசையாக நின்றார்கள், சிலருக்குக் கழுத்து வரைக்கும், சிலருக்கு இடுப்பு வரைக்கும். மூக்காயி சொன்னதை அவர் கையைத் துடைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"எனக்குத் தெரியாமப் போச்சும்மா. எங்க பக்கம் இந்த மாலைக் கணக்கெல்லாம் இல்ல. மலையாண்டி அண்ணன் சந்தோசமாத்தான் வந்து ஒக்காந்தாரு. நானும் மனசார செஞ்சேன்."

"மீசைய மட்டும் கொஞ்சம் சொரண்டிவிட முடியாதுங்களா?"

"தெறந்து வச்ச செலையில ஒரு கோடு மாத்துனாலும் செலைய ஒடைச்சான்னு கேஸ் போட்டுருவாங்கம்மா. ஊருக்குள்ள பஸ் ஓடாது. நான் உள்ளதான் போகணும்." அவர் தர்மசங்கடத்தில் சிரித்தார். "சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க, அதுக்கு ஒங்க வீட்டுக்காரர மாத்துறது சுலுவு."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மூக்காயி சிரிக்கவில்லை. அந்தத் தலைகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, "வாரேன் சார்" என்று எழுந்துகொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்திலேயே மலையாண்டியைக் குலசாமி கோயிலுக்கு அழைத்துப் போனாள். உயிர் பிழைத்ததற்கு முடி இறக்குவதாக வேண்டுதல் என்று சொல்லியிருந்தாள். தலையை மழித்து முடித்ததும் நாவிதர் கத்தியை மடக்கப் போனார்.

"மீசையும் எடுத்துருங்கண்ணே" என்றாள்.

மலையாண்டி தலையைத் திருப்பினான். "மீசைய எதுக்கு? எங்கப்பன் செத்தன்னைக்கி எடுத்தது. அதுக்கப்பறம் கத்தி பட்டதில்ல."

"இது எழவுக்கு இல்ல. சாமிக்கு."

"சாமி மீசை கேட்டுச்சா?"

"நான் கேக்குறேன்."

அவன் அவளையே பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"செலைய மாத்தச் சொல்ல முடியல. அதான் என்னைய மாத்துற."

"ஆமா. எனக்கு ஒங்களத்தான மாத்த முடியும்" என்றாள்.

மலையாண்டி நல்ல கையால் நாவிதரின் மணிக்கட்டைத் தொட்டு, எடுங்க என்று தலையசைத்தான். மீசை போனதும் மேலுதடு வெயில் படாத வெளுப்பில் தனியாகத் தெரிந்தது. படுக்கையில் கிடந்ததில் கன்னமும் ஒட்டியிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிவிட்டு மூக்காயி எட்ட நின்று பார்த்தாள். யாரோ ஒரு ஆள். அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது. நாவிதர் கண்ணாடியை நீட்டினார். மலையாண்டி அதை வாங்காமல் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நடந்தான்.

மறுநாளிலிருந்து மூக்காயி மறுபடி படியில் உட்கார்ந்தாள். இடம் கைவிட்டுப் போகாமலிருக்க அதுவரைக்கும் அங்கே உட்கார்ந்து மாலை கட்டிக்கொடுத்த பரிமளா, தன் குடைக்கே திரும்பிப் போனாள். இப்போது சிலைக்கு முதுகைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. மேலே இருப்பது சோலையப்பனார், வீட்டில் இருப்பது மலையாண்டி என்று மனசுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கினாள். மலையாண்டிக்கு முடியோ மீசையோ லேசாக வளர்ந்தால் அவளே பிளேடு வாங்கிவந்து வைப்பாள். அவன் முணுமுணுக்காமல் வாசலில் உட்கார்ந்து மழித்துக்கொள்வான். கட்டு அவிழ்த்த பிறகு காலையில் பஸ்ஸிலிருந்து பூமூட்டையை நல்ல தோளில் வாங்கிவந்து கொடுத்தான். நாரைக் கிழித்துக் கொடுத்தான். சந்தைக்குள் போவதில்லை. பழைய லோடுமேன்கள்கூட இரண்டாம் தடவை பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தார்கள். "சோலையப்பனாரே" என்று யாரும் கூப்பிடவில்லை.

சிலை திறந்து ஒரு வருசம் ஆனதற்குச் சங்கத்தில் விழா வைத்தார்கள். வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க மேசை போட்டாயிற்று. மூக்காயி கட்டிய பெரிய ரோஜா மாலை தாம்பாளத்தில் இருந்தது. வாட்ச்மேனைச் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வேனில் அனுப்பிவிட்டிருந்ததால் ஏணியில் ஏற ஆள் இல்லை.

பட்டுச் சட்டையில் ரெங்கராஜ் வந்தார். கூடவே கேமராவோடு ஒரு போட்டோக்காரர்.

"நீயே ஏறிப் போட்டுரு மூக்காயி. நல்லாத்தான் இருக்கும், பூக்கட்டுற பொம்பள மாலை போடுற மாதிரி. பேப்பருக்கு அனுப்பணும்." அவள் மாலையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறத் தொடங்கினாள். ரெங்கராஜ் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்தார். "இது யாரு?"

மலையாண்டி கும்பிடக் கையை எடுத்தான். ஒரு கைதான் முழுவதும் எழும்பியது. அவன் வாயைத் திறப்பதற்குள் மூக்காயி ஏணியின் நடுப்படியிலிருந்து பதில் சொன்னாள். சிலையின் முகம் அவள் தலைக்கு மேலே கையெட்டும் தூரத்தில் இருந்தது.

"ஏணி புடிக்க வந்த ஆளுங்க."

"அப்படியா. மலையாண்டி எப்படி இருக்கான்?"

"வீட்டுல இருக்காரு மொதலாளி. நல்லா இருக்காரு."

மலையாண்டி கையை மெல்ல இறக்கி மறுபடி ஏணியைப் பிடித்துக்கொண்டான். தலையைக் குனிந்துகொண்டதால் அவன் முகம் மேலேயிருந்து அவளுக்குத் தெரியவில்லை. அவள் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு படி ஏறினாள். போட்டோக்காரர் பின்னால் போய்க் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார்.

"மொட்டைத்தல அண்ணே, கொஞ்சம் அங்கிட்டுப் போங்க. படத்துல விழுகுறீங்க."

"ஏணி ஆடும் சார்" என்றான் மலையாண்டி.

"ஒரு நிமிசந்தானப்பா. தள்ளி நில்லு" என்றார் ரெங்கராஜ்.

மலையாண்டி அண்ணாந்து அவளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் கையை எடுத்துவிட்டு வாழைமரத்தைத் தாண்டி, சைக்கிள்கள் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றான். ஏணி ஒரு பக்கமாக நெளிந்தது. மூக்காயி ஒரு கையால் மாலையைச் சிலையின் உருமாலுக்கு மேலே தூக்கிக் கழுத்தில் இறக்கினாள். மறு கையால், விழுந்துவிடாமல் இருக்க, அந்த அகலமான தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியே இருங்கம்மா" என்றார் போட்டோக்காரர்.

அவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.